சமையலறையில் ஒரு கவர்

1

எங்கள் சமையலறையில் ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் கேசட் போடும் ரேடியோ ஒன்று இருக்கிறது. போன தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை, அந்த ரேடியோ ஓரமாக இருந்த ஒரு பொருளை இரண்டு முறை கையால் எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, நான் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்த வாரத்தோடு அதற்கு ஒரு வருஷம். தொலைபேசி மணி அடித்தால் இன்னும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

நம் கோவில் பங்கு மலருக்கு ஏதாவது எழுது அக்கா என்று கடத்தூரிலிருந்து என் தம்பி அந்தோணி கடிதம் போட்டிருந்தான். "பனி, ரயிலு, ராணி இதெல்லாம் வேணாம், எல்லாரும் எழுதிட்டாங்க" என்று ஒரு வரி வேறு. அதனால் இங்கிலாந்தில் நான் இருக்கும் இந்த ஊர்ப் பாட்டுக்காரர்கள் ஐந்து பேரைப் பற்றி எழுதுகிறேன். அவர்கள் குழுவின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் அச்சில் தப்பாகத்தான் வரும். மாதா சபையில் கொடி பிடித்துப் போனவளுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஊரில் கேட்பீர்கள். என் மகள் செலினிடமிருந்து வந்தது.

நான் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வந்து பதினேழு வருஷம் ஆகிறது. என் கணவர் பிஸ்கட் ஃபாக்டரியில் இருக்கிறார். இங்கே வந்தபோது செலினுக்கு மூன்று வயது. விமானத்தில் எல்லாரிடமும் "எங்க வூடு எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

2

காலை ஏழரைக்கு நான் வார்டில் நிற்க வேண்டும். ஆறு மணிக்கே கிளம்பினால்தான் இரண்டாவது பஸ் கிடைக்கும். அந்த நேரத்தில் செலின் அறையிலிருந்து பாட்டுச் சத்தம் வரும். பதினாறு வயதில் தொடங்கியது அது. முதலில் திட்டினேன், பிறகு பழகிவிட்டது. ஒருநாள் இது என்ன பாட்டு என்று கேட்டேன்.

"ப்ளூஸ்மா."

"வேட்டிக்குப் போடற நீலமா?"

செலின் சிரிக்கவில்லை. என் கணவர்தான் டீயைச் சிந்திவிட்டார்.

நீலம் என்றால் ஆங்கிலத்தில் துக்கமும் கூட என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் தெற்கே பருத்திக்காட்டில் வேலை செய்த கறுப்பு மக்கள் பாடிய துக்கப் பாட்டுகள் இவை. பெண்சாதி போய்விட்டாள், வெள்ளம் வந்துவிட்டது, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், இப்படித்தான் ஒவ்வொரு பாட்டும். அந்தப் பழைய இசைத்தட்டுகள் கப்பலேறி இங்கே வந்து, இந்த ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் கையில் சிக்கியிருக்கின்றன. அவர்கள் பருத்திச் செடியைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். ஆனாலும் விழுந்து விழுந்து கேட்டு, அந்தப் பாட்டுகளைத் தாங்களே பாடி வெளியிட்டார்கள். பிறகு சொந்தப் பாட்டுகள் பாடி உலகமெல்லாம் பேர் வாங்கினார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து, தலை நரைத்த பிறகு, மறுபடி அந்தப் பழைய பாட்டுகளுக்கே வந்து, சிலவற்றை இரண்டாம் முறை பாடினார்கள்.

செலின் ஒரு கேசட் வைத்திருந்தாள். ஒரு பக்கம் முழுக்க அவர்கள் இளவயதில் பாடியவை, மறுபக்கம் அதே பாட்டுகள் இப்போது பாடியவை. அவளே பதிந்து, அட்டையில் பாட்டு விவரமெல்லாம் எழுதிவைத்தது. பரீட்சைக்குக்கூட அவள் அவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு எழுதி நான் பார்த்ததில்லை.

3

அந்தக் கேசட்டோடுதான் அவள் அந்தத் தவக்காலத்துக்கு முந்தின ஆகஸ்டில் எங்களோடு கடத்தூர் வந்தாள். பதினெட்டு வயது அப்போது.

அந்தோணியின் கேசட் கடை உங்களுக்குத் தெரியும். ஒரு ஆள் உட்காரலாம், ஒரு ஆள் நிற்கலாம். பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவான். வந்த இரண்டாம் நாளே செலின் அங்கே போய் நின்றுகொண்டாள். நான் வாசலில் ஸ்டூலில் இருந்தேன்.

"மாமா, இத கேளுங்க. ஒரே பாட்டுதான். இது சின்ன வயசுல பாடினது."

பாட்டு இதுதான்: ஒருவன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான். விளக்கு ஏற்றவில்லை. பெண்சாதி இல்லை. கிணறு வற்றிக் கிடக்கிறது. பாட்டு இரண்டரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"ஏன் பாப்பா, இவனுக்கு கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா?" என்றான் அந்தோணி.

"கிண்டல் பண்ணாதீங்க மாமா. அவங்களுக்கு அப்ப இருவது வயசு."

"இருவது வயசுக்காரன் எதுக்கு அறுவது வயசுக்காரனாட்டம் தொண்டைய வெச்சிக்கிறான்?"

அவள் கேசட்டைத் திருப்பிப் போட்டாள். இரண்டாவது தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அந்தோணி எழுந்து மின்விசிறியை நிறுத்தினான், அதன் சத்தம் குறுக்கே வருகிறது என்று. பாட்டு முடிந்ததும், "கரண்ட் போறதுக்குள்ள இன்னொரு வாட்டி போடு" என்றான்.

"டிரம் அடிக்கிறவன பாரு. அடிக்க வேண்டிய எடத்துல அடிக்காம வுடறான். நாம காத்துக்கிட்டு கெடக்கறோம்" என்றான் அந்தோணி.

"மாமா, அந்தப் பாட்டுல ஒரு தப்பு இருக்கு, கண்டுபுடிச்சீங்களா? மொதமொதல்ல இத பாடின அமெரிக்காத் தாத்தா 'வெல்'னு பாடினாரு, கிணறு. இவங்களுக்கு அவர் பேச்சு புரியல. 'பெல்'னு பாடிட்டாங்க, மணி."

"மணி எப்டிம்மா வத்தும்?"

"அதான். இப்ப அவங்களுக்கு நிச்சயமா தெரியும், எவ்வளவோ பேரு சொல்லியிருப்பாங்க. ஆனா இப்பவும் பெல்னுதான் பாடறாங்க. அப்ப தெரியாம பாடினாங்க. இப்ப தெரிஞ்சே பாடறாங்க."

"உனக்கு எது புடிக்கும்?"

"மொதல்ல பாடினது. அவங்களுக்கு எதுவுமே தெரியல, ஆனா பயமே இல்ல."

இவ்வளவும் ஓர் அடி தூரத்தில் நடந்தது. ஒரு பாட்டும் என் காதில் ஏறவில்லை. அன்று மாலை பாப்பாரப்பட்டியிலிருந்து வருகிறவர்களுக்கு வடைக்கு ஊறப்போட்டாயிற்றா என்பதுதான் எனக்கு யோசனை.

சொந்தக்காரங்க டீ குடிக்க வர்றாங்க என்று செலினிடம் சொல்லியிருந்தேன். பையனுக்கு பெங்களூரில் நல்ல வேலை. நல்ல பையன்தான், அவர் பேரில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். செலின் எல்லாருக்கும் டீ கொடுத்தாள். தன் அப்பா ஃபாக்டரி பிஸ்கட்டைத் தட்டில் வைத்து, "இது எங்கப்பா செஞ்சது" என்றாள். அவர்களுக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. எதற்கு வந்தார்கள் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. லண்டனில் இறங்கிய பிறகுதான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து கிளம்பும்போது அந்தோணி அவளுக்கு ஒரு பழைய கேசட் கொடுத்தான். கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, இங்கிருந்து கேசட்டில் பேசி அனுப்பிய காலம் ஒன்று இருந்ததல்லவா, அப்போது நாங்கள் அனுப்பியது. அதில் ஏழு வயது செலின், பெரிய வெள்ளிக்கிழமை பாடும் மாதா புலம்பலைப் பாடியிருந்தாள். நான் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தது. பொருள் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. மாதா "மகனே" என்று கூப்பிடுகிற இடத்திலெல்லாம் "கண்ணு" என்று பாடியிருந்தாள். வீட்டில் நான் அவளைக் கூப்பிடுவது அப்படித்தான், பிள்ளை என்றால் அதுதான் வார்த்தை என்று நினைத்துவிட்டாள். அந்தக் கேசட்டைக் கேட்டுக் கடத்தூரில் எல்லாரும் முதலில் சிரித்தார்களாம்.

4

கல்யாணம் ஆனால் மாப்பிள்ளையை இங்கே அழைக்க வேண்டும். அதற்கு ஒரு ஃபாரம் உண்டு. பழுப்பு நிறக் கவரில் பிப்ரவரியில் வந்தது. என் பெயருக்கு வராமல் அவள் பெயருக்கு வந்துவிட்டது. காலைச் சாப்பாட்டு மேசையில் அவளே பிரித்துப் படித்தாள். இங்கே ஃபாரங்கள் துருவித் துருவிக் கேட்கும். இருவரும் எப்போது, எங்கே சந்தித்தீர்கள், கல்யாணப் பேச்சை முதலில் எடுத்தது யார், தனியாகப் பேசியிருக்கிறீர்களா.

"அம்மா, அவர எப்ப பாத்தேன்னு கேட்டிருக்கு. என்ன எழுதட்டும்? டீ குடுத்தேன்னா?"

"நீ கையெழுத்து மட்டும் போடு கண்ணு. மிச்சத்த நான் எழுதறேன்."

"நீ எழுதிட்டா அது எப்டி என் கையெழுத்து ஆவும்?"

"பதினாறு வருஷமா யாருக்காக நின்னுக்கிட்டே வேலை செய்யறேன்? ஊர்ல வளந்திருந்தா இப்டி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்ட."

அவள் அதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள், வேகமாக. எனக்குக் கோபம் தமிழில் வருகிறது, அவளுக்கு ஆங்கிலத்தில். ஒருத்தி கோபம் மற்றவளுக்குப் பாதிதான் புரியும். அந்த மீதிப் பாதியை நாங்களே கற்பனை செய்து நிரப்பிக்கொண்டோம். மூன்று வாரம் எங்களுக்குள் பேச்சில்லை. கையெழுத்துப் போடாத ஃபாரம் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது.

5

அந்தப் புதன்கிழமை மதியம் வார்டு தொலைபேசியில் எனக்கு அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் செலின் கூப்பிட்டதே இல்லை.

"அம்மா, நான் இன்னிக்கி வூட்டுக்கு வரல. கிச்சன்ல உனக்கு ஒரு கவர் வெச்சிருக்கேன். நீ..."

பூத்தில் போட்ட காசு தீர்ந்து இணைப்பு அறுந்துவிட்டது.

கவர். எங்கள் ஊரில் வேறு என்ன அர்த்தம் அதற்கு? தபாலாபீசில் இன்லேண்டு ஒன்று, கவர் ஒன்று என்று கேட்டு வாங்கி வளர்ந்தவள் நான். சமையலறையில் எனக்கு ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்பதுதான் எனக்குப் புரிந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, வீட்டில் அப்படி ஒரு கவரை வைத்துவிட்டு, மாத்திரைகளை அள்ளி விழுங்கி வார்டுக்கு வந்தவர்கள் இரண்டு பேரின் படுக்கை அருகே நான் நின்றிருக்கிறேன். அந்தக் கவர்களைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

வார்டுப் பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லிவிட்டுச் சீருடையோடு கிளம்பினேன். இரண்டு பஸ். என் கணவருக்கு ஃபாக்டரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன், அவர் எனக்கு முன்னால் வந்துவிட்டார்.

"மேசை மேல ஒண்ணுமில்ல" என்றார்.

டிராயர்களைத் தரையில் கவிழ்த்தோம். கேஸ் பில் வந்த கவர், ஸ்கூல் காலத்துக் கவர், அந்தோணியின் கவர்கள் எல்லாவற்றையும் உதறிப் பார்த்தோம். கேழ்வரகு மாவு டப்பாவுக்குள் கை விட்டேன். ரேடியோவை நகர்த்தினேன், பக்கத்தில் இருந்த கேசட்டை ஒதுக்கினேன், மறுபடி வந்து மறுபடி ஒதுக்கினேன். ஃப்ரிட்ஜ் மேலிருந்த ஃபாரத்தின் பழுப்புக் கவரைக் கிழித்து உள்பக்கம்கூடப் பார்த்தேன். வாயில் ஜெபம் வரவில்லை. மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்து, "என்னா எழுதி வெச்சிருக்குமோ, என்னா எழுதி வெச்சிருக்குமோ" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம். அவர் பிறகு சொன்னார்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. விளக்கைப் போடப் போனவர், போட்டதும் அப்படியே நின்றார்.

"இதுல உன் பேரு இருக்குது" என்றார்.

கேசட் டப்பாவின் மேல் தமிழில் எழுதியிருந்தது: "அமமாவுக்கு". ம் மேல் புள்ளி இல்லை. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் அவள் புள்ளி வைக்க மறந்துவிடுவாள்.

6

போட்டோம். முதலில் வந்தது ஏழு வயதுக் குரல், அந்தோணி கொடுத்த கேசட்டிலிருந்து எடுத்தது. பின்னால் குக்கர் விசில், "சத்தமா பாடு" என்று என் குரல். குழந்தை கத்துகிறது. அழ வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் பொய்யாக ஒரு விம்மல். கண்ணு, கண்ணு என்று வந்துகொண்டே இருந்தது.

ஒரு கிளிக் சத்தம். பிறகு அதே புலம்பல், பத்தொன்பது வயதில்.

அதை எப்படிச் சொல்வது என்று ஒரு வருஷமாக யோசிக்கிறேன். சுருதியைத் தாழ்த்தியிருந்தாள். விம்மல் இல்லை. ஒரு வரி முடிந்து மறுவரி வருவதற்குள், இவள் மறந்துவிட்டாளோ என்று நினைக்கும் அளவுக்கு இடைவெளி. யாரையும் அழவைக்கப் பார்க்கவில்லை, அருகில் இருப்பவரிடம் ஒரு செய்தி சொல்வது போல் பாடினாள். "மகனே" வரும் இடம் வந்தது. இப்போது அவளுக்குப் பொருள் தெரியும், சரியான வார்த்தையும் தெரியும். கொஞ்சம் நிறுத்தி, "கண்ணு" என்றுதான் பாடினாள்.

என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

முடிந்ததும் பேசினாள். "அம்மா, நான் நல்லாருக்கேன். என் ஃபிரண்டு ரூத் வூட்ல இருக்கேன். அட்ரஸ் டப்பாவுக்குள்ள பேப்பர்ல இருக்கு. அந்த ஃபாரத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா உங்கள வுட்டுட்டுப் போவல. ஞாயித்துக்கெழம போன் பண்றேன். நீ எடு. அப்பா எடுத்தா ரெண்டு ஹலோ சொல்லிட்டு உங்கிட்டதான் குடுப்பாரு."

"சரியாத்தான் சொல்லுது" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

ஞாயிறு நான்தான் எடுத்தேன். பேச வேண்டியது ஆயிரம் இருந்தும் முதலில் கேட்டது, "கவர்னு சொன்னியே, கவர் எங்கடி?"

"அதான்மா கவர்."

"அது கேசட்டு."

"ஒருத்தர் பாட்ட இன்னொருத்தர் பாடினா அதுக்குப் பேரு கவர்மா. எல்லாருக்கும் தெரியும்."

நாங்கள் என்ன தேடினோம், ஏன் தேடினோம் என்று சொன்னேன். "சாரிம்மா" என்று அந்தப் பக்கம் அழுதாள். தமிழில் அழுதாளா ஆங்கிலத்தில் அழுதாளா என்று தெரியவில்லை, முழுதாகப் புரிந்தது.

பாப்பாரப்பட்டி மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும் வேலை அந்தோணி தலையில் விழுந்தது. அவன் எழுதினான்: "பொண்ணுக்கு என்னா கொறைன்னு கேட்டாங்க. பொண்ணுக்கு ஒண்ணுமில்லைங்க, எங்கக்காவுக்குத்தான் காது கேக்காதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

7

அதனால் கேட்கக் கற்றுக்கொண்டேன். செலின் விட்டுப்போன, காதில் மாட்டிக்கொள்ளும் சின்ன டேப்போடுதான் இப்போது இரண்டு பஸ்ஸும் ஏறுகிறேன். அந்த ஐந்து பேரின் இளவயதுப் பாட்டுகள் போகும்போது, வயதான பிறகு பாடியவை திரும்பும்போது.

இளவயதில் அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். இடம் விட்டால் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பது போல. வாயில் வைத்து ஊதும் ஹார்மோனிகா, பாடுகிறவனின் சொல்லை முடிக்க விடுவதில்லை. அவன் தன் ஊர்ப் பேச்சை ஒளித்துவைத்துக்கொண்டு, பார்த்தே இராத ஒரு கிழவரின் பேச்சை வாயில் போட்டுக்கொள்கிறான். இவ்வளவு குறை இருந்தும் கேட்கக் கேட்க மனது பொங்குகிறது. அந்தக் கிழவர் மேல் அவர்களுக்கு எவ்வளவு ஆசை இருந்தால், அவர் துக்கத்தைக்கூடக் கடன் கேட்டிருப்பார்கள்.

வயதான பிறகு அதே பாட்டு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. கிட்டார் வாசிப்பவர் முன்பு பத்து சுரம் வாசித்த இடத்தில் மூன்றோடு நிறுத்துகிறார், மீதி ஏழும் நம் காதில் தானாக ஒலிக்கிறது. பாடுகிறவர் தன் ஊர்ப் பேச்சிலேயே பாடுகிறார். நான் பஸ்ஸில் தினமும் கேட்கிற பேச்சு அது. நடுவில் யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம், அதையும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். மணி வற்றிப்போச்சு என்று அவர் பாடும்போது எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை. தான் தப்பாகக் கேட்ட அந்த இருபது வயதை அவர் கைவிடவில்லை.

எல்லாமே அப்படி என்றும் சொல்ல மாட்டேன். ஓர் ஆட்டப் பாட்டு உண்டு, அதை இப்போது பாடும்போது மூச்சு வாங்குவது தெரிகிறது. அதை அவர்கள் விட்டிருக்கலாம். செலின் சொன்ன பயமில்லாத தன்மை அங்கே வேண்டும், அது இருபது வயதில்தான் இருந்தது.

செலின் இப்போது ரூத்தோடுதான் இருக்கிறாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருகிறாள், களி கேட்டுச் சாப்பிடுகிறாள். அவள் படுக்கையைத் தினமும் காலையில் ஒருமுறை கையால் தடவிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். அவளுக்கு அது தெரியாது, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவும் மாட்டாள். தமிழ் எழுத்து அவளுக்கு மெதுவாகத்தான் ஓடும்.

போன வாரம் வந்தபோது, "நீ அந்தப் புலம்பல முழுசா பாடி நான் கேட்டதே இல்லம்மா. பாடி அனுப்பு" என்றாள்.

பன்னிரண்டு வயதிலிருந்து கடத்தூர்க் கோவிலில் அந்தப் புலம்பலைப் பாடியவள் நான். ஒரு சொல் பிசகியதில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டேப்பை அழுத்திவிட்டுப் பாடினேன். "மகனே" வரும் இடத்தில் என் நாக்கு "கண்ணு" என்று சொல்லிவிட்டது. நிறுத்தி மறுபடி பதிந்திருக்கலாம். அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று அதை ஒரு தடித்த உறையில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பப் போனேன். கவுண்டரில் இருந்தவர் உள்ளே என்ன என்று கேட்டார்.

"கவர்" என்றேன்.

"எதற்குப் போடுகிற கவர்? தலையணைக்கா?"

"பாட்டுக்கு."

அவர் முகம் மலர்ந்தது. பாட்டுப் பைத்தியம் போலிருக்கிறது. உறையைத் தராசில் வைத்துக்கொண்டே, ஒரிஜினல் யாருடையது என்று கேட்டார்.

"என் மகளுடையது" என்றேன்.